வீட்டு வளாகத்துக்குள் தெருநாய்கள் வராமல் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் கதவைத் திறந்தால் குப்பைப் பை கிழிந்து வாசல் முழுக்க இறைந்து கிடக்கிறது. செருப்பில் ஒன்றைக் காணோம். வண்டிச் சக்கரத்தில் மூத்திரம். எங்கள் வீட்டில் பல வருடம் இதே கதைதான். வருகிற நாய்களை அடித்து விரட்ட மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் எல்லாம் தெரிந்தவர்கள் என்னிடம் மறுபடி மறுபடி கேட்டவை.

எத்தனை தடவை விரட்டினாலும் அதே நாய் ஏன் திரும்ப வருகிறது?

அதற்கு உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. சாப்பாடு, தண்ணீர், நிழல், மழைக்கு ஒதுங்க ஓர் இடம், இன்னொரு நாயின் வாசனை, இதில் ஒன்றாக இருக்கும். ருசி கண்ட பூனை என்பார்கள், நாயும் அப்படித்தான். தினமும் கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்து நாளில் ஒரு நாள் குப்பைத் தொட்டி திறந்திருந்து அன்றைக்கு ஓர் எலும்பு கிடைத்தால் போதும், மீதி ஒன்பது நாளும் அது வந்து பார்த்துவிட்டுப் போகும்.

நீங்கள் கத்தி விரட்டினால் ஓடும், பத்து நிமிஷத்தில் வந்துவிடும். வந்த காரணம் அங்கேயே இருக்கிறதே. அதனால் இரண்டு வேலையைச் சேர்த்தே செய்ய வேண்டும்: காரணத்தை எடுக்க வேண்டும், வழியை அடைக்க வேண்டும். வழியை மட்டும் அடைத்தால் வேறு வழி தேடும். காரணத்தை மட்டும் எடுத்தால் பழக்கத்தில் கொஞ்ச நாள் வந்துகொண்டே இருக்கும், பிறகுதான் விடும்.

எதற்காக வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரி படுக்கப் போகும் முன் சந்தேகப்படும் இடங்களில் சாம்பலையோ மாவையோ மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் கால்தடம் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் கேட் வழியாகத்தான் நுழைகிறது என்று நம்பி, இரண்டு மாதம் கேட்டுக்குப் பலகை அடிப்பதும் கல் வைப்பதுமாக இருந்தோம். சாம்பல் தூவிய அன்றைக்கு கேட் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. பின்பக்கம் மழைத்தண்ணீர் வெளியேற சுவரில் விட்டிருந்த ஓட்டையிலிருந்து நேராக மாடிப்படிக்குத் தடம் போயிருந்தது. குனிந்து பார்த்தால் ஓட்டையின் மேல் விளிம்பில் பழுப்பு முடி ஒட்டியிருந்தது, சிமெண்டு உரசி உரசி வழவழப்பாகியிருந்தது. பல மாதமாக அதுதான் வாசல்.

இப்படி முடி ஒட்டிய இடம், வழவழப்பான விளிம்பு, புல் மடங்கிக் கிடக்கும் ஒற்றையடித் தடம், புதிதாகக் கிளறிய மண், இவற்றைத் தேடுங்கள். அப்புறம் எந்த நேரத்தில் வருகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். குப்பை வெளியே வைக்கும் நேரத்தில் வந்தால் காரணம் சாப்பாடு. உச்சி வெயிலில் வந்தால் நிழல். வந்து மோந்து பார்த்துவிட்டு, மூத்திரம் பெய்துவிட்டு உடனே போனால் அது எல்லை குறிக்க வருகிறது.

குப்பையை மூடித்தான் வைக்கிறேன், அப்படியும் இழுத்துப் போடுகிறதே?

மூடி இருந்தால் மட்டும் போதாது. தொட்டியைச் சாய்த்தால் மூடி தானாகத் திறந்துகொள்ளும், இதை நாய் ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும். தொட்டியைச் சுவரில் ஒரு கொக்கி போட்டு மாட்டுங்கள், அல்லது அடியில் செங்கல் போட்டுக் கனமாக்குங்கள். மூடிக்கு இழுவை ரப்பர் கயிறு நன்றாகப் பிடிக்கும். எலும்பு, மீன் கழிவு மாதிரி வாசனை அடிப்பவற்றைக் குப்பை எடுக்க வரும் நாள் வரை ஃப்ரீசரில் ஒரு பையில் கட்டி வைத்திருந்து, அன்று காலையில் வெளியே வைத்தால் தொல்லை பாதி குறையும். குழந்தைகளின் டயப்பரும் நாய்களை இழுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பூனைக்கு வைத்த சாப்பாடு, பறவைக்குப் போட்ட தானியம், தொட்டித் தண்ணீர், வாசலில் கழற்றிப் போட்ட ஷூ எல்லாமும் இந்தக் கணக்கில்தான் வரும். ராத்திரி எதுவும் வெளியே வேண்டாம்.

கேட்டும் சுவரும் எப்படி இருக்க வேண்டும்?

தலை நுழைந்தால் அநேகமாக உடம்பும் நுழைந்துவிடும், இதை நினைவில் வைத்து இடைவெளிகளை அளந்து பாருங்கள். 10 செ.மீ. இடைவெளி சிறிய நாய்க்கும் குட்டிக்கும் தாராளம். கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்துதான் பெரும்பாலான வீடுகளில் வாசல். கேட்டின் அடியில் நீளமாக ஒரு ரப்பர் பட்டையோ தகடோ போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் உள்பக்கமாகக் கம்பி வலையைக் கட்டுங்கள், முழு உயரத்துக்கும் வேண்டாம், கீழே ஒரு மீட்டர் போதும். தண்ணீர் போகும் ஓட்டைக்குத் துருப்பிடிக்காத சட்டம் போட்ட வலை வைக்கலாம், குப்பை அடைக்காமல் அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்ய வசதியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை, நடுத்தர அளவு நாய்க்கு ஒரு மீட்டர் சுவர் ஒரு பொருட்டே இல்லை. 1.8 மீட்டர் இருந்தால் பெரும்பாலான நாய்கள் முயற்சி செய்யாது. ஆனால் சுவரை ஒட்டி விறகு, பூந்தொட்டி, பழைய பெஞ்சு என்று எதையாவது அடுக்கி வைத்திருந்தால் அந்த உயரம் வீண். சுவர்மேல் ஏறி வரும் நாய் முன்னங்காலை விளிம்பில் ஊன்றித்தான் உடம்பைத் தூக்கும். அந்த விளிம்பில் ஒரு கம்பியை நீட்டி, அதில் பிளாஸ்டிக் குழாயைச் சுழலும்படி கோத்துவிட்டால் கால் ஊன்றியதும் குழாய் உருண்டு நாய் வெளிப்பக்கமே இறங்கிவிடும். காயமும் இல்லை. கண்ணாடிச் சில்லு பதிப்பதை நான் விரும்புவதே இல்லை. வயிறு கிழிந்த நாய் உங்கள் வளாகத்துக்குள்தான் வந்து விழும்.

மண்ணைத் தோண்டி அடி வழியாக வருகிறதென்றால் வேலியின் கீழ்ப்பக்கம் கம்பி வலையை வெளிப்புறமாக மடித்து, ஓர் அடிக்குக் குறையாத அகலத்துக்குத் தரையோடு படுக்க வைத்து மேலே மண் போட்டுக் கல் வையுங்கள். நாய் எப்போதும் வேலியை ஒட்டியே தோண்டும். வலை நகத்தில் பட்டதும் நிறுத்திவிடும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது: வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரடியாக இணைக்காதீர்கள். நாயை மட்டுமல்ல, பந்து எடுக்க வந்த பிள்ளையையும் அது கொன்றுவிடும்.

வண்டிச் சக்கரத்திலும் வாசல் தூணிலும் தினமும் மூத்திரம் பெய்கிறது. என்ன செய்வது?

இது தேவைக்காகப் பெய்வது இல்லை, செய்தி விட்டுப் போவது. உங்கள் வண்டி ஊரெல்லாம் சுற்றி வந்து பத்துத் தெரு நாய்களின் வாசனையோடு நிற்கிறது. இங்குள்ள நாய் அதன்மேல் தன் செய்தியை எழுதுகிறது. அடுத்த நாய் வந்து அதன்மேல் எழுதும். வாசனை நீங்காத வரை இது நிற்காது.

வெறும் தண்ணீர் ஊற்றினால் நம் மூக்குக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், நாய்க்குப் போகாது. செல்லப்பிராணிகளின் மூத்திரத்துக்கென்றே விற்கும் என்சைம் கலந்த திரவம்தான் வாசனையின் மூலத்தைச் சிதைக்கும். ஊற்றி உடனே துடைக்காமல் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து கழுவலாம், ஓரளவு கேட்கும். அம்மோனியா கலந்த தரைத் திரவம் கூடவே கூடாது. மூத்திரத்திலும் அந்த நெடிதான் என்பதால், மறுபடி வந்து பெய்யச் சொல்லி அழைப்பது மாதிரி ஆகிவிடும். பிளீச்சிங் திரவத்தை மூத்திரத்தின் மேலோ அம்மோனியாவோடோ சேர்த்து ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும்.

வண்டி நிறுத்தியதும் சக்கரத்துக்கு எதிரே ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது சாதாரண யோசனைதான், நன்றாகவே வேலை செய்கிறது. பலகையில் பெய்தாலும் கழுவுவது சுலபம்.

பாட்டிலில் நீலத் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்தால் நாய் வராதாமே?

வரும். நீல நிறம் நாய்க்கு நன்றாகவே தெரியும். சிவப்பும் பச்சையும்தான் அதற்குப் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும் தெரியும். தெரிகிறது என்பதால் பயப்பட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. முதல் இரண்டு நாள் புதுப் பொருள் என்று ஒதுங்கிப் போகலாம். அதை வைத்துத்தான் பலரும் பலன் இருப்பதாக நினைக்கிறார்கள். பாட்டில் மேலேயே மூத்திரம் பெய்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மிளகாய்த்தூள், அந்துருண்டை, பினாயில் இவையெல்லாம்?

நம் மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் சுமார் 60 லட்சம் என்றால் நாய்க்கு 30 கோடி வரை உண்டு என்பார்கள். நமக்கே நெடி ஏறும் பொருள் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மிளகாய்த்தூள் மூக்கிலும் கண்ணிலும் பட்டு, காலில் ஒட்டியதை நக்கி வாயிலும் பட்டு, அது துடிக்கும். எரிச்சலில் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். காற்றடித்தால் உங்கள் குழந்தையின் கண்ணிலும் விழும். ஒரு மழைக்குக் கரைந்தும் போகும்.

அந்துருண்டை இன்னும் மோசம். அதில் இருக்கும் நாஃப்தலீன் வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், நாய்க்கும் சரி, மிட்டாய் என்று வாயில் போடும் குழந்தைக்கும் சரி. காப்பித் தூள் கொட்டுவதும் வேண்டாம், காஃபீன் நாய்க்கு விஷம். பினாயில் நெடியைப் பொறுத்தவரை, உள்ளே சாப்பாடு இருக்கிறதென்றால் நாய் அதைத் தாண்டி வந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனை சில நாய்களுக்குப் பிடிக்காது. அதில் பெரிய ஆபத்து இல்லை, போட்டுப் பார்க்கலாம். ஆனால் காய்ந்ததும் பலன் போய்விடும், தினமும் புதிதாகப் போட வேண்டும்.

அல்ட்ராசோனிக் கருவி வாங்கலாமா?

மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்பதால் நடுவில் உள்ள ஒலியை எழுப்பி விரட்டுவது இந்தக் கருவியின் வேலை. யோசனை சரிதான், நடைமுறையில் நம்ப முடியாது. இந்த ஒலி சுவர், செடி, வண்டி எதையும் ஊடுருவாது. வயதாகிக் காது மந்தமான நாய்க்குக் கேட்காது. கேட்கும் நாயும் சில நாளில் பழகிக்கொள்ளும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளர்ப்பு நாய் இருந்தால் அது தண்டனை அனுபவிக்கும்.

அந்தப் பணத்துக்கு நடமாட்டத்தைக் கண்டு தானாகத் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான் வாங்குங்கள். திடீரென்று சத்தத்தோடு தண்ணீர் மேலே பட்டால் நாய் திடுக்கிட்டு ஓடும், யாருக்கும் காயமில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் சென்சார் விளக்கு. விளக்கு மட்டும் தனியாக நாயைத் தடுக்காது, ஆனால் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது உள்ளே நாய் படுத்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும்.

தோட்டத்தைக் கிளறிப் பள்ளம் பறிக்கிறது.

முதலில் என்ன உரம் போட்டீர்கள் என்று பாருங்கள். எலும்புத்தூள், மீன் உரம், ரத்த உரம் மூன்றும் நாய்க்குப் புதைத்து வைத்த விருந்து. இவற்றைத் தின்று குடல் அடைத்துப் போவதும் உண்டு. கோகோ ஓடு பரப்புவதும் வேண்டாம், சாக்லேட்டில் உள்ள, நாய்க்கு விஷமான அதே தியோபுரோமின் அதில் இருக்கிறது.

உரம் காரணம் இல்லையென்றால் குளிர்ச்சி காரணம். வெயில் காலத்தில் நனைந்த மண்ணைப் பறித்து வயிற்றை வைத்துப் படுக்கும். பாத்திகளின்மேல் கம்பி வலையைத் தட்டையாக விரித்து லேசாக மண் தூவிவிட்டால் செடி வளரும், நாயால் பறிக்க முடியாது. தண்ணீர் விடுவதை அதிகாலைக்கு மாற்றுங்கள்.

குழந்தைகள் விளையாடும் மணலை மூடி வையுங்கள். நாய் மலத்தில் வரும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் நாய் குட்டி போட்டுவிட்டது!

முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். குட்டிகளுக்குக் கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை உடம்புச் சூட்டைக்கூடத் தாங்களாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. தூக்கி வெளியே வைத்தால் செத்துவிடும். தாயோ அந்த நேரத்தில் யாரையும் நம்பாது, எப்போதும் வாலாட்டும் நாயாக இருந்தாலும் கிட்டப் போனால் கடிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், ஒரு பழைய பலகையை நடுவில் மறைப்பாக வைத்துவிடுங்கள். தாய்க்குத் தண்ணீரும் சாப்பாடும் சற்றுத் தள்ளி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். இப்படி வைத்தால் தொந்தரவு கூடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பசித்த தாய்தான் குப்பையைக் கிளறும், பார்ப்பவர் மேல் பாயும்.

நாலு வாரத்தில் குட்டிகள் தடுமாறி நடக்கும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பால் மறக்கும். எட்டாவது வாரம் வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். அந்த இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டாம், விலங்கு நல அமைப்பிடமோ கால்நடை மருத்துவரிடமோ பேசி, பால் வற்றியதும் தாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்யுங்கள். நாயின் கர்ப்பக் காலம் சுமார் 63 நாள்தான். விட்டால் அடுத்த ஈற்றும் அதே மாடிப்படிக்கு அடியில்தான். குட்டிகள் போன அன்றைக்கே இடத்தைக் கழுவி, அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள்.

ராத்திரியில் நாலைந்து ஆண் நாய்கள் கேட் முன்னால் கூடிச் சண்டை போடுகின்றன.

பக்கத்தில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் வீட்டு நாயாகவே இருக்கலாம். வாசனை பிடித்துக்கொண்டு ஆண் நாய்கள் தூரத்திலிருந்தும் வரும். மூன்று வாரம் வரை நீடிக்கும், பெரும்பாலும் வருடத்தில் இரண்டு தடவை வரும். உங்கள் நாய் என்றால் அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தைப் பிரிக்க நடுவில் போகாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுகிறார். சண்டை வராமல் எப்படிப் பேசுவது?

"போடாதீர்கள்" என்று ஆரம்பித்தால் சண்டைதான். அவர் நிறுத்தமாட்டார், நேரம் மாற்றி ராத்திரியில் போடுவார், அது இன்னும் சிரமம். அவரிடம் இடத்தையும் நேரத்தையும் பற்றிப் பேசுங்கள். வீட்டு வாசல்களிலிருந்தும் பிள்ளைகள் நடமாடும் வழியிலிருந்தும் தள்ளி ஓர் இடம், தினமும் ஒரே நேரம், அரைமணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுவது. இப்படி நடந்தால் நாய்கள் உங்கள் வாசலில் காத்திருக்காது, அங்கே காத்திருக்கும்.

இன்னொன்று. சாப்பாடு போடுபவரைத்தான் நாய்கள் கிட்டே விடும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிடித்துக் கொடுக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. அவரைப் பகைத்துக்கொள்வதில் நமக்குத்தான் நஷ்டம்.

தெருநாய் இல்லை, பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய்தான் வந்து அசிங்கம் செய்கிறது.

முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். தங்கள் நாய் எங்கே போகிறது என்று பலருக்கு உண்மையிலேயே தெரியாது. மாறாவிட்டால் தேதி, நேரம், புகைப்படம் என்று குறித்து வைத்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால்தான் உள்ளாட்சி அமைப்பு. நாயின்மேல் கோபத்தைக் காட்டாதீர்கள், கயிற்றைப் பிடித்திருக்க வேண்டியவர் மனிதர்.

விஷம் வைத்தாலோ, பிடித்துக்கொண்டுபோய் வேறு ஊரில் விட்டாலோ பிரச்சினை தீர்ந்துவிடாதா?

விஷம் வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒரு பக்கம். விஷம் தின்ற நாய் வலிப்பு வந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அது கக்கியதைக் காக்கையும் பூனையும் தின்னும், உங்கள் பக்கத்து வீட்டு நாயும் தின்னும்.

கொண்டுபோய் விடுவதும் உதவாது. சாப்பாடும் இடமும் அப்படியே இருக்க, இருந்த நாய் போனால் காலியான இடத்துக்குப் புது நாய்கள் வரும். பழைய நாய்க்காவது உங்களைத் தெரியும். புதிதாக வருபவை தடுப்பூசி போட்டவையா என்றுகூடத் தெரியாது. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் அங்கே ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுப்பூசி போட்ட, கருத்தடை செய்த நாய் உங்கள் தெருவில் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்புதான்.

கதவைத் திறந்தால் எதிரே முறைத்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வது?

ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் ஊறியது. கண்ணோடு கண் பார்க்காமல், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடம்போடு வைத்து மரம் மாதிரி நில்லுங்கள். அப்புறம் அதற்கு முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். அது வெளியேற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலையில் மாட்டிக்கொண்ட நாய்தான் அதிகம் கடிக்கும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் விலகினாலே பல தடவை போய்விடும். கையில் பை, குடை ஏதாவது இருந்தால் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால்?

அந்த நிமிஷமே குழாயடிக்குப் போங்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். ரேபிஸ் கிருமி எச்சிலில் இருக்கிறது, கழுவும்போதே அதில் பெரும் பகுதி போய்விடும். பிறகு அயோடின் மருந்து போடுங்கள், கட்டுப் போட வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

நகம் கீறினாலும், புண் உள்ள தோலில் நக்கினாலும் இதேதான். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அறிகுறிக்கு முன்னால் சரியாகத் தடுப்பூசி போட்டால் தப்பிப்பது ஏறக்குறைய உறுதி. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம் வருவது. "சின்னக் கீறல்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அறிமுகமான நாய் என்றால் பத்து நாள் அதைக் கவனிக்கச் சொல்வார்கள். கவனிக்கிறோம் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் செய்தாயிற்று. ஒரே ஒரு நாய் மட்டும் கேட்டுக்கு வெளியே படுத்துக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது.

அதன் கழுத்தைப் பாருங்கள். எங்கள் கேட் முன்னால் ஒரு பெட்டை நாய் எட்டு நாள் படுத்திருந்தது. குப்பைப் பக்கம் போகவில்லை, மற்ற நாய்களோடும் சேரவில்லை. ஒவ்வொரு கார் நிற்கும்போதும் எழுந்து ஓடிப்போய்க் கதவருகில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுக்கும். கிட்டப் போய்ப் பார்த்தபோது கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு முடி தேய்ந்திருந்தது, வருடக்கணக்கில் பட்டை கட்டிய தடம். யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. வழி தவறி வந்ததாகவும் இருக்கலாம். புகைப்படம் எடுத்து அக்கம்பக்கத்துக் குழுக்களில் போடுங்கள். கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனால் தோலுக்கடியில் மைக்ரோசிப் (உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவும் சின்னச் சில்லு) இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடுவார். சிப்பும் இல்லை, தேடியும் யாரும் வரவில்லை என்றால் தத்துக்கொடுக்கும் அமைப்புகளிடம் பதியுங்கள், வீட்டில் வளர்ந்த நாய்க்கு இடம் கிடைப்பது ஒப்பிடும்போது சுலபம். எங்கள் கேட்டில் படுத்திருந்தது இப்போது மூன்று தெரு தள்ளி ஒரு வயதான தம்பதி வீட்டில் இருக்கிறது. கார் சத்தம் கேட்டால் இன்னமும் தலையைத் தூக்கிப் பார்க்குமாம், எழுந்து ஓடுவதை மட்டும் விட்டுவிட்டதாம்.